'ட்ரூமன் ஷோ'வும் வெள்ளவத்தை லொட்ஜ்களும்

'வெளியேற்றம்' என்ற சொல்லை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கூறினால், 'பிக் பொஸ்' வீட்டை விட்டு இவ்வாரம் யார் போகப்போகிறார் என்ற பேச்சுத்தான் எழும். அதே சொல்லை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் கூறினால், 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்து விடிகாலையொன்று அவர் நினைவுக்கு வரும். புத்தளத்தில் வாழும் வடபுலத்து முஸ்லிம் ஒருவருக்கோ 1990 ஒக்ரோபர் மாதம் கண்முன் நிற்கும். ஒரே சொல் ஒரு தலைமுறைக்கு விளையாட்டாகவும் மற்றொரு தலைமுறைக்கு ஆறாத வடுவாகவும் இருக்கின்றது. இவ்விரண்டு பொருள்களுக்கும் இடையிலுள்ள உறவை விளங்கிக்கொள்வதற்கு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைமையடையாத ஆங்கிலத் திரைப்படம் ஒன்று நமக்குத் துணைபுரிகின்றது.

'த ட்ரூமன் ஷோ' என்னும் அத்திரைப்படம் 1998ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் வெளியானது. அன்ட்ரூ நிக்கோல் எழுதிய கதையை அவுஸ்திரேலியரான பீற்றர் வியர் இயக்கியிருந்தார். அதுவரை கோமாளித்தனமான வேடங்களுக்கே பெயர்பெற்றிருந்த ஜிம் கரி கதாநாயகனாக நடித்திருந்தார். கதை எளிமையானது. ட்ரூமன் பேர்பாங்க் என்பவர் கடல் சூழ்ந்த சிற்றூரொன்றில் வாழும் காப்புறுதி நிறுவன ஊழியர். அன்பான மனைவி, உற்ற நண்பன், காலையில் முகமன் கூறும் அயலவர் என அவரது வாழ்வில் குறையேதும் இல்லை. ஆனால் அந்த ஊர் ஊரன்று. பிரமாண்டமான குவிமாடத்தினுள் அமைக்கப்பட்ட படப்பிடிப்புத் தளம். வானம் செயற்கை, சூரியன் செயற்கை, மழையும் பொத்தானை அழுத்தினால் பெய்வது. மனைவி உட்பட அனைவரும் சம்பளம் பெறும் நடிகர்கள். ஏறக்குறைய 5,000 கமராக்கள் அவரை இரவுபகலாகப் படம்பிடித்து உலகெங்கும் ஒளிபரப்புகின்றன. பிறக்கும்போதே நிறுவனமொன்றினால் தத்தெடுக்கப்பட்ட அவருக்கு மட்டுமே இவ்வுண்மை தெரியாது. கதை தொடங்கும்போது அந்நிகழ்ச்சிக்கு 10,909ஆவது நாள். அதாவது ட்ரூமனுக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது.

இத்திரைப்படத்தில் நம் கவனத்துக்குரியது கமராக்களின் எண்ணிக்கையன்று. ட்ரூமனை அங்கே சங்கிலியால் எவரும் கட்டி வைக்கவில்லை. பாலம் இருக்கிறது, படகு இருக்கிறது, பயண முகவர் நிலையம் கூட இருக்கிறது. எனினும் அவரால் ஊரை விட்டுப் போக முடிவதில்லை. சிறுவயதில் தந்தை கடலில் மூழ்கி இறப்பதாக ஒரு நாடகத்தை நடத்தி, தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் மனிதராக அவரை வளர்த்திருக்கிறார்கள். பயண முகவர் நிலையத்தின் சுவரிலே, மின்னல் தாக்கும் விமானத்தின் படம் பயணிகளை அச்சுறுத்தித் தொங்குகிறது. பஸ்ஸில் ஏறினால் பஸ் பழுதாகிறது. காரில் புறப்பட்டால் அணு உலையில் கசிவு என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தடைக்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு காரணமும் அவருடைய நன்மைக்காகவே கூறப்படுகின்றது. நிகழ்ச்சியின் கர்த்தாவான கிறிஸ்டோஃப், வெளியுலகை விடத் தன் உலகமே ட்ரூமனுக்குப் பாதுகாப்பானது என்றும், உண்மையாகவே விரும்பினால் அவரை எவரும் தடுக்க முடியாது என்றும் வாதிடுகிறார். கண்காணிப்பவர் எக்காலத்திலும் எந்நாட்டிலும் கூறும் நியாயம் இதுவே.

படம் வெளியாகி அடுத்த ஆண்டே, 1999 செப்ரெம்பரில், நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் 'பிக் பிரதர்' என்ற நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. ஜோன் டி மோல் என்பவரின் எண்ணத்தில் உதித்த அந்நிகழ்ச்சிக்குப் பெயர், ஜோர்ஜ் ஓர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலில் வரும் சர்வாதிகாரியிடமிருந்து பெறப்பட்டது. எச்சரிக்கையாக எழுதப்பட்ட பெயர் ஐம்பது ஆண்டுகளில் கேளிக்கையின் பெயராக மாறியமை நகைப்புக்கிடமானதே. அதன் தமிழ் வடிவமான 'பிக் பொஸ்', கமல்ஹாசன் தொகுத்தளிக்க 2017 ஜூன் 25இல் தொடங்கியது. 2019ஆம் ஆண்டின் மூன்றாவது தொடரில், இலங்கையிலிருந்து லொஸ்லியாவும் தர்ஷனும் பங்குபற்றியதைத் தொடர்ந்து, நம் நாட்டுத் தமிழ் இல்லங்களில் அந்நிகழ்ச்சி குடும்ப விவகாரம் போலாயிற்று. பிரிந்திருந்த தந்தையார் அவ்வீட்டினுள் வந்து, கண்ணீரும் கண்டிப்புமாக லொஸ்லியாவிடம் பேசிய காட்சியை அன்று பார்க்காதவர் குறைவு. ஊர் என்ன சொல்லும் என்ற பார்வைக்கு முன்னால் கமராவின் பார்வை ஒன்றுமேயில்லை என்பதை அக்காட்சி உணர்த்தியது.

'பிக் பொஸ்' வீட்டிலிருப்போர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, ஊதியம் பெற்று உள்ளே செல்கின்றனர். ட்ரூமனுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. ஆயினும் முதலாவது தொடரில் நடிகர் பரணி, சக போட்டியாளர்களால் ஒதுக்கப்பட்ட நிலையில், மதிலேறி வெளியேற முயன்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விரும்பி நுழைந்த வீடும் சிறையாக மாறுவதற்குச் சில வாரங்கள் போதும் போலும்.

இவ்விடத்தில் ஒரு கோட்பாட்டையும் சுருக்கமாகக் கூறவேண்டியுள்ளது. ஆங்கிலேய அறிஞர் ஜெரமி பெந்தம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வட்டவடிவச் சிறைச்சாலையொன்றுக்குத் திட்டம் வரைந்தார். நடுவில் கோபுரம், சுற்றிவரச் சிறைக்கூடங்கள். கோபுரத்திலிருப்பவர் கைதிகளைக் காணலாம். கைதிகள் அவரைக் காண முடியாது. எனவே கோபுரத்தில் ஆள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணமே கைதியைத் தனக்குத் தானே காவலனாக்கிவிடும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்தெழுதினார். ஆனால் இதை விளங்கிக்கொள்ளக் கொழும்புத் தமிழருக்கு ஃபூக்கோ தேவைப்படவில்லை.

கொழும்பில் நம்மவர் அஞ்சியது கமராவுக்கு அன்று, பட்டியலுக்கு. 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீதிகளில் தீ வைத்துத் திரிந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தமை பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயரும் முகவரியும் வீட்டை எரிப்பதற்கான வழிகாட்டியாயிற்று. அந்த அனுபவத்தைச் சுமந்தவரிடம், வீட்டிலுள்ளோரின் விபரங்களை எழுதித்தாருங்கள் என்று பொலிஸார் படிவத்தை நீட்டும்போது அவர் கை நடுங்குவதில் வியப்பில்லை. யுத்த காலம் முழுவதும் அந்தப் படிவம் நம் வாழ்வின் பகுதியாக இருந்தது. ஊரிலிருந்து உறவினர் ஒருவர் வைத்தியத்துக்காக வந்தாலும், திருமணத்துக்காக வந்தாலும், முதற் காரியம் பொலிஸ் பதிவு. அதன் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பது அடையாள அட்டையை வைத்திருப்பதற்கு ஒப்பான கடமையாகியிருந்தது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்தோர் பெரும்பாலும் எதற்காவது காத்திருந்தவர்களே. கடவுச்சீட்டு, விசா, வைத்தியசாலைத் திகதி, வெளிநாட்டிலுள்ள கணவனின் அழைப்பு, தொழில் என அக்காத்திருப்புக்குப் பல காரணங்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், திரும்பிச் செல்ல வழியின்றித் தங்கியவர்களும் இருந்தனர். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிவதற்கு முன், பொலிஸார் இவ்விடுதிகளைச் சுற்றிவளைத்தனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருப்போர் எனக் கூறி, 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். பெண்களும் அவர்களுள் அடங்குவர். பொருள்களைச் சேகரிப்பதற்குக் கூடப் போதிய அவகாசம் அளிக்கப்படவில்லை. தகுந்த காரணம் எது என்பதை அந்த இருட்டில் தீர்மானித்தவர் கதவைத் தட்டிய பொலிஸ் உத்தியோகத்தர் மாத்திரமே.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவை ஏற்று, மறுநாளே உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க சில தினங்களில் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். நீதிமன்றம் தலையிட்ட வேகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கண்காணிப்பு அத்துடன் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் நுகேகொடையில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து, கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கைது செய்யப்பட்டனர். பலர் பூஸா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2008 செப்ரெம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, முந்திய ஐந்தாண்டுகளுள் வட மாகாணத்திலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்து வசித்த அனைவரும் தங்களைப் பதிவு செய்யுமாறு பணிக்கப்பட்டனர்.

2007ஆம் ஆண்டு ஜனவரியில், பிரித்தானியாவின் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டில் இந்திய நடிகை ஷில்பா ஷெட்டி இனரீதியாக இழிவுபடுத்தப்பட்டதாக உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அந்நாட்டின் ஒலி, ஒளிபரப்பு ஒழுங்குபடுத்தும் சபைக்கு 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் கிடைத்தன. கமராக்கள் நிறைந்த வீட்டில் நடந்த அநீதிக்கு உலகமே சாட்சி. ஐந்து மாதங்களின் பின் வெள்ளவத்தை லொட்ஜ்களில் நடந்ததற்கு அத்தகைய சாட்சியம் இருக்கவில்லை. பார்க்கப்படுதல் எல்லா வேளைகளிலும் தீங்கானதன்று. யார் பார்க்கிறார்கள், யாருக்காகப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் நன்மை தீமை அமைகின்றது.

நேர்மையாகப் பேசுவதானால், இது ஒரு தரப்பின் குற்றம் மாத்திரமன்று என்பதையும் கூறியாக வேண்டும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலிருந்து வெளியேற விரும்பியவர் 'பாஸ்' பெற வேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குப் பிணையாக ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. வவுனியாவில் இராணுவத்தினரின் 'பாஸ்' வேறாக இருந்தது. ட்ரூமனின் ஊரில் பாலத்தைக் கடப்பதற்குத்தான் தடை. நம் மக்களுக்குப் பாலத்தின் இரு முனைகளிலும் தடை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களுக்காக மறுநாளே தடையுத்தரவு பிறப்பிக்க அங்கு எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்த பின்னர், 2011 ஓகஸ்ட் இறுதியில் அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்டது. பின்னர் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை அண்டிய கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் உள்ளிட்ட இடங்களில் நடத்தப்பட்ட தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவசரகாலச் சட்டம் மீண்டது. பார்வையின் திசை முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. வீடுகள் சோதனையிடப்பட்டன, முகத்தை மூடும் ஆடைக்குத் தடை விதிக்கப்பட்டது, அரபு எழுத்துள்ள நூல் ஒவ்வொன்றும் விளக்கம் கோரும் பொருளாயிற்று. மே மாதத்தில் ஹசலக்கவில், ஆடையில் கப்பல் சுக்கானின் படம் பொறிக்கப்பட்டிருந்த முஸ்லிம் பெண்ணொருவர், அது தர்மசக்கரம் எனக் கருதப்பட்டுக் கைதாகி, வாரக் கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். சக்கரம் மாறவில்லை, அதைப் பார்த்த கண்ணே அதற்குப் பொருள் கொடுத்தது. தமிழருக்கு நேர்ந்ததைத் தள்ளிநின்று பார்த்த முஸ்லிம்களும், முஸ்லிம்களுக்கு நேர்ந்ததைத் தள்ளிநின்று பார்த்த தமிழரும், பெந்தமின் அதே வட்டச் சிறையின் அடுத்தடுத்த கூடங்களில் இருந்தவர்களே.

குண்டுகள் வெடித்த நகரில் அரசு கண்காணிக்காமல் இருக்க முடியுமா என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. குண்டுகள் கற்பனையல்ல, அவற்றில் மாண்டவர்களுள் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர். ஆனால் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் இவ்விடயத்தில் கசப்பானதொரு பாடத்தைக் கற்பித்தது. தாக்குதல் பற்றிய இந்தியப் புலனாய்வுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே இலங்கைக்குக் கிடைத்திருந்தது. அதற்கு முன்னரே, சஹ்ரானின் போக்கு குறித்து முஸ்லிம் சமூகத்தினரே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். தகவல் கையிலிருந்தும் செயற்படாமை அடிப்படை உரிமை மீறல் எனக் கண்ட உயர் நீதிமன்றம், 2023 ஜனவரி 12இல், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆக, அன்று குறைந்தது கண்காணிப்பு அன்று. ஒரு சமூகம் முழுவதையும் உற்றுப் பார்ப்பதும், குற்றம் இழைக்கப்போகும் ஒருவரைத் தடுத்து நிறுத்துவதும் வெவ்வேறு தொழில்கள். முதலாவதில் நம் அரசுகள் காட்டிய ஊக்கம் இரண்டாவதில் காணப்படவில்லை.

நீண்ட காலம் பார்வைக்கு உட்பட்டு வாழ்வதால் மனிதரிடத்து ஏற்படும் மாற்றம்தான் இவையனைத்திலும் ஆழமானது. ட்ரூமனுக்குத் தாம் பார்க்கப்படுவது தெரியாது. ஆதலால் அவருடைய சிரிப்பும் அழுகையும் உண்மையானவை. சுற்றியிருப்போர் நடிகர்கள். கொழும்பிலோ நிலைமை தலைகீழ். பார்க்கப்படுவது தெரிந்திருந்தமையால் நடிகர்களானவர்கள் நாமே. பஸ்ஸில் ஏறியதும் தமிழில் பேசும் குரலைத் தாழ்த்துதல், பொட்டை அழித்துவிட்டு வெளியில் செல்லுதல், சோதனைச் சாவடியில் தெரிந்த நான்கு சிங்களச் சொற்களைப் புன்னகையுடன் கூறுதல், தொலைபேசியில் ஊர்ப் பெயரைத் தவிர்த்தல் ஆகியவற்றை எவரும் நமக்கு எழுதித்தரவில்லை. 2019இன் பின்னர், அபாயாவின் நிறத்தை மாற்றலாமா என்றும், வீட்டிலுள்ள மார்க்க நூல்களை என்ன செய்வது என்றும் முஸ்லிம் குடும்பங்கள் தமக்குள் பேசிக்கொண்டதும் இதே நடிப்பின் ஒத்திகையே. இவற்றை நாம் விவேகம் என்று அழைத்தோம், பிள்ளைகளுக்கும் கற்பித்தோம். விடுதி அறையில் பூட்டில்லாதிருந்தும் வெளியே போகத் தயங்கியவர், சுதந்திரமாக இருப்பதாகவே எண்ணியிருக்கக் கூடும்.

இன்று லொட்ஜ் வாயிலில் பதிவேடு இருப்பதைவிட, நம் கையிலுள்ள தொலைபேசியில் இருக்கும் பதிவேடு பெரிது. எங்கே சென்றோம், யாருடன் பேசினோம், எதைப் படித்தோம் என்பதை நாமே மகிழ்ச்சியுடன் ஒப்படைக்கின்றோம். ட்ரூமனின் மனைவி உரையாடலின் நடுவே கொக்கோ பானத்துக்கு விளம்பரம் செய்வாள். நம் உரையாடல்களிடையே விளம்பரங்கள் தாமாகவே வந்து விழுகின்றன. சட்டங்களோ ஒரே திசையில் விரைகின்றன. 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவரடங்கிய ஆணைக்குழுவுக்கு அளித்தது. மறுபுறம், மக்களின் விபரங்களைப் பாதுகாப்பதற்காக 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் பிற்போடப்பட்டது.

படிவமும் மறைந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலும் கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளில் குடியிருப்பாளர் விபரங்களைப் பொலிஸார் திரட்டியதும், பாராளுமன்ற உறுப்பினர் மனோ கணேசன் அதனை ஆட்சேபித்ததும் நடந்தேறின. அவசரகாலச் சட்டம் இல்லாத நாட்டில் இது எவ்வாறு சாத்தியம் என்று பலரும் கேட்டனர். விடை பிரித்தானியர் காலத்துச் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றது. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, வீட்டில் வசிப்போரின் பட்டியலை வீட்டுக்காரரிடம் கோருவதற்கு இடமளிக்கின்றது. ஆகவே படிவத்துடன் வருபவரிடம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இது கோரப்படுகின்றது என்று பணிவாக வினவலாம், அது அவமரியாதையாகாது. தமிழில் அமைந்த படிவத்தைக் கேட்டுப் பெறலாம். மேல் மாகாணத்திலும் அரச அலுவலருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதி வைத்துள்ளது. கையளிக்கும் முன் அதன் பிரதியொன்றை எடுத்து, பெற்றுக்கொண்ட அலுவலரின் பெயரையும் திகதியையும் அதிலே குறித்து வைத்துக்கொள்வதும் நன்று.